இருபத்தேழு சதவீதத்தில் ஒரு பெரும்பான்மை: பிரிட்டன் கருத்துக்கணிப்புகளை எப்படிப் படிப்பது?

2024 ஜூலை 5, விடிந்துவிட்டது. பிரிட்டன் பொதுத்தேர்தலின் பெரும்பாலான முடிவுகள் வந்து, ஆட்சி மாற்றம் உறுதியான பிறகும் தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு தொகுதிக்காகக் காத்துக் கிடந்தார்கள். கிழக்கு இங்கிலாந்தின் சவுத் வெஸ்ட் நார்ஃபோக். கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் நின்ற இடம். 2019இல் அங்கே அவர் 26,195 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். இந்த முறை 630 வாக்கில் தோற்றார்.

தோற்றது பரபரப்புச் செய்தி. தோற்ற கணக்கைத்தான் நாம் பார்க்கவேண்டும். ஜெயித்த தொழிலாளர் கட்சி வேட்பாளர் டெரி ஜெர்மிக்கு 11,847 வாக்கு, டிரஸ்ஸுக்கு 11,217, வலதுசாரிக் கட்சியான ரிஃபார்ம் யூகேவின் வேட்பாளருக்கு 9,958, கன்சர்வேட்டிவ் கட்சிக்காரராக இருந்து டிரஸ்ஸை எதிர்த்து சுயேச்சையாக நின்ற ஒருவருக்கு 6,282. ஜெயித்தவர் வாங்கியது 26.7 சதவீதம். அதாவது வாக்களித்த நான்கு பேரில் ஏறக்குறைய மூன்று பேர் அவரை வேண்டாம் என்றார்கள். அவர்தான் எம்.பி.

தேசிய அளவிலும் இதே கதைதான். தொழிலாளர் கட்சி 33.7 சதவீத வாக்கோடு 650 இடங்களில் 411ஐப் பிடித்தது. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 23.7 சதவீதம், 121 இடம். நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யூகே 14.3 சதவீதம் வாங்கி 5 இடத்தோடு நின்றது. அதைவிடக் குறைவாக, 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72 இடம். இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 2017இல் ஜெரமி கோர்பின் தலைமையில் தொழிலாளர் கட்சி வாங்கிய வாக்கு 1 கோடியே 28 லட்சத்துக்கு மேல், தோற்றது. 2019இல் 1 கோடியே 2 லட்சத்துக்கு மேல், படுதோல்வி. 2024இல் கியர் ஸ்டார்மர் வாங்கியது சுமார் 97 லட்சம், மாபெரும் வெற்றி.

1951இல் இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து கிட்டத்தட்ட 97 சதவீத வாக்கை வைத்திருந்தன. 2024இல் அது 57ஆகச் சுருங்கிவிட்டது. பிரிட்டன் அரசியலில் நடந்த பெரிய மாற்றம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிரெக்ஸிட் உட்பட மற்றவையெல்லாம் இதற்குள் அடக்கம். கருத்துக்கணிப்பு என்ற கருவியோ, அந்த 97 சதவீத உலகத்தில் பிறந்து வளர்ந்தது.

இரண்டு கட்சிக் காலத்துக் கருவி

1945இல் போர் முடிந்த கையோடு தேர்தல். போரை வென்ற சர்ச்சில் தோற்பார் என்று யாரும் நினைக்கவில்லை. நியூஸ் கிரானிக்கிள் நாளிதழ் வெளியிட்ட காலப் (Gallup) நிறுவனத்தின் கணிப்பு மட்டும் தொழிலாளர் கட்சி முந்துகிறது என்றது. அதை வெளியிட்ட நாளிதழ் உட்பட யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொழிலாளர் கட்சி 393 இடங்களோடு ஆட்சியைப் பிடித்தது.

அந்தக் காலத்தில் வாக்குச் சதவீதம் தெரிந்தால் இடங்களைச் சொல்வது கடினமில்லை. ஒரு கட்சியிடமிருந்து இன்னொன்றுக்கு எத்தனை சதவீதம் நகர்கிறது என்று பார்த்து, அதே நகர்வை எல்லாத் தொகுதிக்கும் பொருத்தினால் போதும். பிபிசி தேர்தல் இரவுகளில் ஆடிய 'ஸ்விங்' முள்ளின் அடிப்படை அதுதான். இருவர் மட்டும் போட்டியிடும்போது ஒருவர் இழப்பதை மற்றவர் பெறுவார். கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இன்று ஒரே தொகுதியில் ஐந்து கட்சிகள் மோதுகின்றன, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் ஆறு. கன்சர்வேட்டிவிடமிருந்து ரிஃபார்முக்குப் போகும் வாக்கு தொழிலாளர் கட்சி வேட்பாளரை ஜெயிக்க வைக்கிறது. தொழிலாளர் கட்சியிலிருந்து பசுமைக் கட்சிக்குப் போகும் வாக்கு ரிஃபார்மை ஜெயிக்க வைக்கலாம். "நாளை தேர்தல் நடந்தால் யாருக்கு வாக்களிப்பீர்கள்?" என்ற கேள்வி மாறவே இல்லை. அந்தப் பதிலிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போகும் வழிதான் குண்டும் குழியுமாகிவிட்டது.

ஆயிரம் பேரை எங்கிருந்து பிடிக்கிறார்கள்?

பொதுவாக ஒரு கணிப்பில் 1,000 முதல் 2,000 பேர். வடக்கு அயர்லாந்தில் கட்சிகளே வேறு என்பதால் அதை விட்டுவிட்டு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மட்டும்தான் கணக்கில் வரும். 2000இல் யூகவ் நிறுவனம் தொடங்கியதிலிருந்து கணிப்பு மெல்ல மெல்ல இணையத்துக்கு நகர்ந்தது. உறுப்பினர்களாகப் பதிந்துகொண்டவர்களுக்குக் கேள்வி போகும், பதிலுக்குச் சிறு தொகை சேரும். வந்த பதில்களை வயது, பாலினம், வட்டாரம், படிப்பு, கடந்த தேர்தலில் யாருக்கு வாக்களித்தார் என்பதையெல்லாம் வைத்து நாட்டின் விகிதத்துக்குச் சரிக்கட்டுவார்கள். ஆயிரம் பேர் கணிப்பில் ஒவ்வொரு கட்சிக்கும் கூடக்குறைய 3 புள்ளி பிழை வரலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆளெடுப்பு முழுக்கத் தற்செயலாக நடந்திருந்தால்தான் அந்தக் கணக்கே பொருந்தும். காசு வாங்கிக்கொண்டு அரசியல் கேள்விக்குப் பதில் சொல்ல முன்வருபவர்கள் தற்செயலானவர்கள் இல்லை.

இந்தச் சிக்கல் எவ்வளவு ஆழமானது என்று 2015 தேர்தல் காட்டியது. அன்று எல்லா நிறுவனங்களும் கன்சர்வேட்டிவும் தொழிலாளர் கட்சியும் சமம் என்றார்கள். வந்த முடிவில் டேவிட் கேமரன் ஆறரை புள்ளிக்கு மேல் முந்தி, தனிப்பெரும்பான்மை வாங்கிவிட்டார். பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்ஜிஸ் தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். கடைசி நேரத்தில் மக்கள் மனம் மாறினார்களா, பொய் சொன்னார்களா, கேள்வி தவறா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, முதன்மைக் காரணம் வேறு என்று சொன்னது குழு: கேட்கப்பட்ட ஆட்களே நாட்டைப் பிரதிபலிக்கவில்லை. முதியவர்களில் மிக மூத்தவர்கள் குறைவு. இளைஞர்களில் அரசியலில் ஊறியவர்கள் அதிகம். தேர்தல் நாளன்று வீட்டிலேயே இருந்துவிடும் இளைஞர், கணிப்புக்குள்ளேயே வரவில்லை.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு நடந்த பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது. முகவரிகளைக் குலுக்கிப் போட்டு எடுத்து, ஆளில்லாவிட்டால் திரும்பத் திரும்பப் போய்ப் பேட்டி எடுக்கும் பழைய முறை அது. முதல் தடவை கதவைத் தட்டியதுமே கிடைத்தவர்களிடம் தொழிலாளர் கட்சி 6 புள்ளி முன்னிலை. மூன்றிலிருந்து ஆறு தடவை போய்த்தான் பிடிக்க முடிந்தவர்களிடம் கன்சர்வேட்டிவ் 11 புள்ளி முன்னிலை. ஒரே நாடு, ஒரே தேர்தல். சுலபமாகக் கிடைப்பவரும் கிடைக்காதவரும் வேறுவேறு கட்சிக்காரர்கள். வேகமும் மலிவுமாக நடக்கும் கணிப்பு, சுலபமாகக் கிடைப்பவரைத்தானே பிடிக்கும்?

அதே தேர்தலில் இன்னொரு சம்பவம். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் சர்வேஷன் நிறுவனம் தொலைபேசியில் ஒரு கணிப்பு எடுத்தது. கன்சர்வேட்டிவ் 37, தொழிலாளர் கட்சி 31 என்று வந்தது. மற்ற எல்லோரும் சமம் என்கிறபோது நாம் மட்டும் ஆறு புள்ளி வித்தியாசம் சொல்வதா என்று தயங்கி, வெளியிடாமலே வைத்துவிட்டார்கள். முடிவு கிட்டத்தட்ட அதேதான். தைரியம் வரவில்லை என்ற பொருளில் நிறுவனத்தின் தலைவரே பிறகு எழுதினார். கணிப்பு நிறுவனங்கள் கூட்டத்தோடு கூட்டமாகப் போகும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பத்து கணிப்புகள் ஒரே எண்ணைச் சொல்கின்றன என்றால் பத்து சாட்சிகள் என்று அர்த்தமில்லை. சில நேரம் ஒரு சாட்சியும் ஒன்பது எதிரொலியும்தான்.

சூடு கண்ட பூனை மாதிரி, 2017இல் பல நிறுவனங்கள் நேர்மாறான தவறைச் செய்தன. இளைஞர்கள் சொல்வார்கள், வரமாட்டார்கள் என்று அவர்களின் எடையைக் குறைத்தார்கள். ஐசிஎம் கடைசிக் கணிப்பில் தெரசா மேவுக்கு 12 புள்ளி முன்னிலை, காம்ரெஸ் கணிப்பில் 10. உண்மையில் இரண்டரை புள்ளிகூட இல்லை. மே பெரும்பான்மையை இழந்தார். அந்த முறை ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்று துணிந்து வெளியிட்டது யார் தெரியுமா? அதே சர்வேஷன்.

2024? தொழிலாளர் கட்சிக்குப் பெரும்பாலான கடைசிக் கணிப்புகள் 37 முதல் 41 வரை கொடுத்தன. வடக்கு அயர்லாந்தை விட்டுவிட்டுப் பார்த்தால் கட்சி வாங்கியது 34.7. இது 2015ஐவிடச் சிறிய பிழை இல்லை. ஆனால் விசாரணைக் குழு கேட்டு யாரும் குரலெழுப்பவில்லை. ஜெயிப்பவரின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் மன்னிக்கப்படும்.

பத்து மணி எண்

இத்தனை ஏமாற்றங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் அசைக்க முடியாமல் நிற்கிறது. தேர்தல் நாளன்று இரவு சரியாக 10 மணிக்கு பிபிசி, ஐடிவி, ஸ்கை மூன்றும் சேர்ந்து வெளியிடும் எக்ஸிட் போல். இந்தக் கணிப்பை நடத்திவந்த ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கர்டிஸின் பெயர் இதனாலேயே வீட்டுக்கு வீடு தெரியும்.

அதன் ரகசியம் எளிது. "வாக்களிப்பீர்களா?" என்று கேட்பதில்லை, வாக்களித்துவிட்டு வெளியே வருபவரிடம் அதேபோன்ற ஒரு சீட்டைக் கொடுத்து, இன்னொரு பெட்டியில் போடச் சொல்கிறார்கள். சுமார் 130 வாக்குச்சாவடிகள். முடிந்தவரை கடந்த தேர்தலில் நின்ற அதே சாவடிகள். அங்கே எவ்வளவு வாக்கு என்பதைவிட, போன தடவைக்கு இந்தத் தடவை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். அந்த மாற்றம் எந்த மாதிரி ஊரில் எப்படி இருக்கிறது என்று பார்த்து மற்றத் தொகுதிகளுக்கும் விரிக்கிறார்கள்.

2015இல் லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 10 இடம்தான் என்று இது சொன்னபோது, கட்சியின் முன்னாள் தலைவர் பேடி ஆஷ்டவுன், இது உண்மையானால் என் தொப்பியைத் தின்கிறேன் என்று நேரலையிலேயே சவால் விட்டார். வந்தது 8. 2019இல் கன்சர்வேட்டிவுக்கு 368 என்றது, வந்தது 365. 2024இல் தொழிலாளர் கட்சிக்கு 410 என்றது. ரிஃபார்முக்கு 13 என்று சொல்லி 5 வந்ததில் மட்டும் சறுக்கல். சிறிய, புதிய கட்சி, ஒப்பிடப் பழைய தரவு இல்லை. வாக்குப்பதிவு முடியும் முன் இதை வெளியிடுவது அங்கே குற்றம். ஆனால் சாதாரணக் கருத்துக்கணிப்புக்குத் தடை கிடையாது. தேர்தலுக்கு முந்தின நாள் மாலைகூட வெளியிடலாம்.

ஏறியவர்களும் இறங்கியவர்களும்

ரிஃபார்ம் யூகே 2025இன் பெரும்பகுதி கணிப்புகளில் முதலிடத்தில் இருந்ததைப் பார்த்து, அடுத்த பிரதமர் ஃபராஜ்தான் என்று எழுதாத பத்திரிகை இல்லை. பழைய பக்கங்களைப் புரட்டுவது நல்லது.

1981 டிசம்பரில் புதிதாகப் பிறந்த சோஷியல் டெமாக்ரட்டிக் கட்சியும் லிபரல்களும் சேர்ந்த கூட்டணிக்கு காலப் கணிப்பில் 50 சதவீதம் ஆதரவு. தாட்சர் ஆட்சி முடிந்தது என்றார்கள். 1983 தேர்தலில் அந்தக் கூட்டணி 25.4 சதவீதம் வாங்கியது; கிடைத்தது 23 இடம். 27.6 சதவீதம் வாங்கிய தொழிலாளர் கட்சிக்கு 209. இரண்டு சதவீத வித்தியாசத்தில் 186 இடம்! கூட்டணியின் வாக்கு நாடு முழுக்கச் சமமாகப் பரவியிருந்தது, தொழிலாளர் கட்சியின் வாக்கு சுரங்க ஊர்களிலும் தொழில் நகரங்களிலும் குவிந்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

1990இல் ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரி விவகாரத்தில் தாட்சர் கட்சி 20 புள்ளிக்கு மேல் பின்தங்கியது. எம்.பி.க்கள் அவரைக் கழற்றிவிட்டு ஜான் மேஜரைக் கொண்டுவந்தார்கள். 1992இல் எல்லாக் கணிப்புகளையும் மீறி மேஜர் ஏழரை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். கன்சர்வேட்டிவுக்குப் போடுவதை வெளியே சொல்லாதவரைக் குறிக்கும் 'கூச்சப்படும் டோரி' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது அப்போதுதான்.

2019 மே மாத இறுதியில் யூகவ் எடுத்த ஒரு கணிப்பு இன்று படித்தால் கற்பனை போல இருக்கும். லிபரல் டெமாக்ரட் 24, ஃபராஜின் பிரெக்ஸிட் கட்சி 22, கன்சர்வேட்டிவும் தொழிலாளர் கட்சியும் தலா 19. அதே மாதம் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சியான கன்சர்வேட்டிவ் ஐந்தாம் இடத்துக்குப் போனது. தெரசா மே போனார், போரிஸ் ஜான்சன் வந்தார். டிசம்பரில் அதே கன்சர்வேட்டிவ் 43.6 சதவீதம், 365 இடம். பிரெக்ஸிட் கட்சி, 317 கன்சர்வேட்டிவ் தொகுதிகளில் ஆளே நிறுத்தாமல் ஒதுங்கி, 2 சதவீதத்தோடு ஒரு இடமும் இல்லாமல் முடிந்தது. ஏழு மாதம்தான்!

அப்படி வந்த ஜான்சனின் செல்வாக்கும் நிலைக்கவில்லை. 2021 மே மாதம், தொழிலாளர் கட்சியின் கோட்டையான ஹார்ட்டில்பூலை இடைத்தேர்தலில் பறித்தார். அதே டிசம்பரில், ஊரடங்கு நேர விருந்துகள் அம்பலமான வேளையில், கிட்டத்தட்ட 23,000 வாக்கு வித்தியாசத்தில் வைத்திருந்த நார்த் ஷ்ராப்ஷரை லிபரல் டெமாக்ரட்டுகளிடம் இழந்தார். அடுத்து வந்த டிரஸ், 2022 செப்டம்பர் 23 அன்று அவருடைய நிதியமைச்சர் குவாசி குவார்டெங் தாக்கல் செய்த குட்டி பட்ஜெட்டால் ஒரே வாரத்தில் 33 புள்ளி பின்தங்கினார். யூகவ் கணக்கில் 54க்கு 21. நாற்பத்தொன்பது நாளில் பதவி போனது. இந்த மாதிரி எண்கள் தேர்தலைச் சொல்வதில்லை; ஆனால் தன் இடம் போய்விடுமோ என்று பயப்படும் எம்.பி. படிப்பது இந்த எண்களைத்தான். இடைக்காலக் கணிப்பு அடுத்த அரசைச் சரியாகச் சொல்லாவிட்டாலும் இருக்கும் பிரதமரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

2025: ஒரு புள்ளி, நாற்பது இடம்

அப்படியானால் ரிஃபார்மும் காற்றுப்போன பலூன்தானா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

முதலில் ஸ்டார்மரின் ஆதரவு ஏன் இறங்கியது என்று பார்க்கவேண்டும். 2024இல் விழுந்த வாக்கில் தொழிலாளர் கட்சி மீதான அன்பைவிட கன்சர்வேட்டிவ் மீதான வெறுப்பு அதிகம். பதவிக்கு வந்து ஒரு மாதம் ஆகும் முன்பே, 2024 ஜூலை 29 அன்று, நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் முதியோரின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையில் கைவைத்தார். சுமார் ஒரு கோடிப் பேருக்கு அது நின்றது. அரசுக்கு மிச்சமானதோ சொற்பம்; கெட்ட பெயரோ ஆண்டு முழுக்க. 2025 ஜூனில் பெரும்பாலானோருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் கெட்ட பெயர் போகவில்லை. நடுவில் பிரதமர் வாங்கிய இலவச உடைகள், மூக்குக்கண்ணாடிகள் பற்றிய சர்ச்சை, முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீட்டுத் தொகை 13.8 சதவீதத்திலிருந்து 15க்கு உயர்வு, ஊனமுற்றோர் உதவியைக் குறைக்கப் போய் சொந்த எம்.பி.க்களே கிளர்ந்தது. குளிர்கால உதவித்தொகையைப் போல வேறெதுவும் வீடுவீடாகப் போய்ச் சேரவில்லை என்பது என் கணிப்பு.

2025 பிப்ரவரியில் யூகவ் கணிப்பில் முதன்முறையாக ரிஃபார்ம் முந்தியது: 25, தொழிலாளர் கட்சி 24, கன்சர்வேட்டிவ் 21. மே 1 அன்று உள்ளாட்சித் தேர்தலில் 677 கவுன்சிலர்களும் 10 உள்ளாட்சி மன்றங்களும் அதன் கைக்கு வந்தன. அதே நாளில் ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி இடைத்தேர்தல். பத்து மாதத்துக்கு முன் தொழிலாளர் கட்சி 14,696 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதியை ரிஃபார்மின் சாரா போச்சின் 6 வாக்கில் பிடித்தார். ஆறே ஆறு!

1981ஆம் ஆண்டுக் கூட்டணிக்கும், 2015இல் ஃபராஜ் தலைமை தாங்கிய யூகிப் கட்சிக்கும் இல்லாத ஒன்று ரிஃபார்முக்கு இருக்கிறது. 2015இல் யூகிப் 38 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கி ஒரே ஒரு இடத்தைப் பெற்றது. அதே தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 14.5 லட்சம் வாக்கில் 56 இடம். ஏனென்றால் மற்றவர்கள் 35, 40 வாங்கும் ஊரில் 15 சதவீதம் எதற்கும் உதவாது. 2024இல் ரிஃபார்ம் 98 தொகுதிகளில் இரண்டாம் இடம், அதில் 89 தொழிலாளர் கட்சி ஜெயித்தவை. முதலிடத்தின் விலையே 30 சதவீதத்துக்கு வந்துவிட்டால், அதே சமமான பரவல் சாபத்திலிருந்து வரமாக மாறிவிடும். எல்லா ஊரிலும் 28 இருந்தால் எல்லா ஊரிலும் முதலிடம் கைக்கெட்டும் தூரத்தில்.

இதை எண்ணில் பார்க்கலாம். இப்போது எல்லோரும் பேசும் 'எம்ஆர்பி' முறையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு, எந்த வயது, எந்தப் படிப்பு, எந்த மாதிரி ஊர் என்றால் எந்தக் கட்சிக்குச் சாய்வு என்று கணக்கிட்டு, ஒவ்வொரு தொகுதியின் மக்கள்தொகைக்கும் பொருத்துகிறார்கள். 2017இல் தொங்கு நாடாளுமன்றம் என்று யூகவ் முன்கூட்டியே சொன்னது இதை வைத்துத்தான். 2025 ஜூனில் இதே முறையில் ரிஃபார்முக்கு 26 சதவீதம், 271 இடம் என்றது. செப்டம்பரில் 27 சதவீதம், 311 இடம். தொழிலாளர் கட்சி 23இலிருந்து 21க்கு இறங்கி, 178இலிருந்து 144 ஆனது. பெரும்பான்மைக்கு 326 வேண்டும்.

ரிஃபார்முக்கு ஒரு புள்ளி ஏற்றம், நாற்பது இடம். எந்த நல்ல கணிப்பிலும் பிழை எல்லை இதைவிடப் பெரிது. கட்சி வாங்கப்போவது 25ஆ 28ஆ என்று கணிப்பால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 25க்கும் 28க்கும் நடுவில்தான் எதிர்க்கட்சி வரிசையும் பிரதமர் வீடு இருக்கும் டவுனிங் தெருவும் பிரிகின்றன. கணிப்பாளர்கள் திறமை குறைந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்கப்படும் கேள்விக்கு அந்தக் கருவியில் பதில் இல்லை. தலைப்புச் செய்தியாக "311 இடம்" என்று போடும் பத்திரிகை, கூடவே வரும் அகலமான வரம்பைப் போடுவதில்லை.

இடதுபக்கமும் உடைகிறது. 2024இல் நான்கே இடம் ஜெயித்த பசுமைக் கட்சி சுமார் 40 தொகுதிகளில் இரண்டாவதாக வந்தது. 2025 செப்டம்பரில் ஸாக் பொலான்ஸ்கி தலைவரானதும் அதன் எண் ஏறத் தொடங்கியது. காஸா விவகாரத்தில் கோபம் கொண்ட ஊர்களில் சுயேச்சைகள் ஜெயித்திருக்கிறார்கள். ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் பௌ தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றம் போன முதல் தமிழ்ப் பெண்ணான உமா குமரனின் கிழக்கு லண்டன் வட்டாரத்தில், தொழிலாளர் கட்சிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பது ரிஃபார்மை அல்ல, இந்தப் பக்கத்தை.

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கு ஒரு குறிப்பு. பிரிட்டனில் முறையாக வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இல்லாமலே பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். ஆனால் 'பிரிட்டன் தமிழர்கள் இந்தக் கட்சிக்குத்தான்' என்று ஏதாவது சதவீதம் கண்ணில் பட்டால் நம்பவேண்டாம். ஆயிரம் பேர் கணிப்பில் தெற்காசியர்கள் எல்லோரும் சேர்ந்தே சில பத்துப் பேர்தான் இருப்பார்கள். அதில் தமிழர் எத்தனை பேர் இருக்க முடியும்?

கேர்ஃபில்லியில் கணிப்பே களமிறங்கியது

தெற்கு வேல்ஸின் பழைய சுரங்க வட்டாரம் கேர்ஃபில்லி. நூறாண்டுக்கு மேலாகப் பொதுத்தேர்தல்களில் தொழிலாளர் கட்சியையே ஜெயிக்கவைத்த ஊர். 2025 அக்டோபர் 23 அன்று வேல்ஸ் நாடாளுமன்றத்துக்கு அங்கே இடைத்தேர்தல். முன்னதாக சர்வேஷன் எடுத்த தொலைபேசிக் கணிப்பில் ரிஃபார்ம் 42, வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி 38, தொழிலாளர் கட்சி 12.

ரிஃபார்ம் முந்துகிறது என்ற செய்தியைவிட, தொழிலாளர் கட்சி 12 என்பதைத்தான் ஊர் உற்றுப் பார்த்தது. ஃபராஜ் கட்சி வரக்கூடாது என்று நினைத்தவர்களுக்கு எங்கே போடவேண்டும் என்ற குழப்பம் தீர்ந்தது. வாக்குப்பதிவு 50 சதவீதத்தைத் தாண்டியது. வேல்ஸ் இடைத்தேர்தல்களில் பார்க்கவே கிடைக்காத எண். பிளைட் கம்ரியின் லின்ட்சே விட்டில் 47.4 சதவீதம் வாங்கி ஜெயித்தார். ரிஃபார்ம் 36, தொழிலாளர் கட்சி 11.

கணிப்பு தவறா? தொழிலாளர் கட்சிக்குச் சொன்ன எண் கிட்டத்தட்ட அப்படியே வந்தது. மற்ற இரண்டும் தலைகீழ். எடுத்த நேரத்தில் ஆதரவு அப்படியே இருந்து, வெளியிட்டதே ஆட்டத்தை மாற்றியிருக்கலாம். அல்லது எடுத்தபோதே பிழையாக இருந்திருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல எந்தப் புள்ளியியலாலும் முடியாது. 2024 பொதுத்தேர்தலில் தெற்கு இங்கிலாந்தின் வசதியான ஊர்களில் லிபரல் டெமாக்ரட்டுகள் 72 இடம் பிடித்ததற்குப் பின்னாலும் இதே வகையான கணக்குதான்: இங்கே கன்சர்வேட்டிவை வீழ்த்த யாரால் முடியும் என்று பார்த்துப் போட்ட வாக்கு. ரிஃபார்ம் விஷயத்தில் இது இருமுனைக் கத்தி. அந்தக் கட்சி முந்துகிறது என்று கணிப்பு எவ்வளவு உரக்கச் சொல்கிறதோ, அவ்வளவுக்கு மற்றவர்கள் ஒன்று சேர்வார்கள். சாதாரணமாக எடுக்கும் தேசியக் கணிப்பில் இந்த ஒன்றுசேர்தல் தெரியாது. தொகுதியில் யார் இரண்டாவது என்று தெரியாதபோது பசுமைக் கட்சி என்று பதில் சொன்னவர், தெரிந்த பிறகு வேறொன்றில் குறி போடுவார்.

அடுத்த பொதுத்தேர்தல் அதிகபட்சம் 2029 ஆகஸ்டுக்குள் நடக்கவேண்டும். அதற்குள் வாக்களிக்கும் வயதை 18இலிருந்து 16ஆகக் குறைக்கப்போவதாக அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. கணிப்பு நிறுவனங்கள் தங்கள் எண்களைச் சரிக்கட்ட மிகவும் நம்பியிருப்பது "கடந்த பொதுத்தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள்?" என்ற கேள்வியை. பதினாறு வயதுக்காரரிடம் அதைக் கேட்கவே முடியாது. வாக்களிக்கிறேன் என்று சொல்லிவிட்டு எத்தனை பேர் வருவார்கள் என்பதற்கும் பழைய கணக்கு இல்லை. 2015இலும் 2017இலும் அடுத்தடுத்து சறுக்கியது சரியாக இந்த இடத்தில்தான்.